நேரில் போய்க் கேட்டவர்

கீழவெண்மணி வழக்கில் 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்ன காரணத்தை முதன்முறை படித்தபோது, தவறாகப் படித்துவிட்டேனோ என்று திரும்பவும் படித்தேன். குற்றம் சாட்டப்பட்ட 23 பேரும் மிராசுதார்கள், பெரும் நிலம் உடையவர்கள், அவர்களில் ஒருவர் சொந்தமாகக் கார் வைத்திருப்பவர். அப்படிப்பட்டவர்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்து வந்து குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். தீர்ப்பின் சாரம் அதுதான். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் எட்டுப் பேருக்கு விதித்திருந்த பத்தாண்டுத் தண்டனை அத்தோடு போயிற்று.

1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் வெண்மணிச் சேரியில் ராமய்யாவின் குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர் வெளியே வர முடியாமல் எரிந்துபோனார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தப்பியவர்கள் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். வந்தவர்களின் முகம் அவர்களுக்குப் புதிதல்ல. அந்த மிராசுதார்களின் வயலில் தினமும் குனிந்து நிமிர்ந்தவர்கள் ஆயிற்றே. தப்பியவர்களின் சொல்லைக் கார் வைத்திருந்தவரின் கௌரவத்துக்கு எதிரே தராசில் வைத்தார்கள். தட்டு எந்தப் பக்கம் இறங்கியது என்பது தெரிந்ததே.

தீர்ப்பு வந்த சில வாரங்களில் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் மைதிலி சிவராமன் ஒரு கட்டுரை எழுதினார். கீழவெண்மணியின் ‘கனவான்’ கொலைகாரர்களைப் பற்றியது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். யாருடைய சொல் நம்பப்படும், யாருடைய சொல் கேட்கும்போதே தள்ளுபடியாகும் என்ற கேள்விதான் அவர் எழுத்து முழுவதற்கும் அடியில் ஓடுகிறது என்பது என் கணிப்பு. 2013இல் வ. கீதாவும் கல்பனா கருணாகரனும் அவருடைய ஆங்கிலக் கட்டுரைகளைத் தொகுத்து ‘ஹாண்டட் பை ஃபயர்’ என்ற நூலாகக் கொண்டுவந்தார்கள். அதை வரிசையாகப் படித்தபோது எனக்கு உறுதிப்பட்டது அதுவே.

1939இல் பிறந்த மைதிலி, அமெரிக்காவில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படித்தார். ஐ.நா.வில் இந்தியத் தூதுக்குழுவோடு ஆய்வுப் பணி பார்த்தார். வியட்நாம் போரை எதிர்த்து அங்கே தெருக்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கொதிப்பு அவரையும் மாற்றியது. 1968இல் ஊர் திரும்பினார். ஆண்டு முடிவதற்குள் வெண்மணி எரிந்தது. விரைவிலேயே கீழத்தஞ்சைக்குப் போனார். சேரிகளில் உட்கார்ந்து கேட்டார், எழுதிக்கொண்டார். என். ராம், ப. சிதம்பரம் ஆகியோரோடு சேர்ந்து நடத்திய ‘ராடிகல் ரிவ்யூ’ இதழில் அவை வரத் தொடங்கின. அந்த மூவரும் பின்னாளில் போன திசைகள் வேறு வேறு. மைதிலி மார்க்சிஸ்ட் கட்சிக்குள் போய், வி.பி. சிந்தனின் தொழிற்சங்கப் பள்ளியில் வளர்ந்து, ஜனநாயக மாதர் சங்கத்தில் வேரூன்றினார்.

அவருடைய வெண்மணிக் கட்டுரைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, அவை தீ எரிந்த அந்த ஒரு இரவோடு நின்றுவிடவில்லை என்பது. அந்தத் தீயை மூட்டிய பொருளாதாரம் எது, எத்தனை மரக்கால் நெல் யாருடைய களத்திலிருந்து யாருடைய வீட்டுக்குப் போனது என்று தேடிக்கொண்டு போனார். ஆகவே அன்றைய கீழத்தஞ்சையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

பண்ணையாள் முறை இருந்த காலத்தில் சேரிக்காரர் செருப்புப் போட முடியாது, தோளில் துண்டு போட முடியாது, முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்கிக் கட்ட முடியாது. தவறு என்று ஆண்டை கருதினால் சவுக்கடி, சாணிப்பால். தென்கனராவிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் சேரி சேரியாக நடந்து செங்கொடிச் சங்கம் கட்டினார். அடித்தால் திருப்பி அடி என்ற துணிச்சலை அந்தச் சங்கம் கொடுத்தது. சவுக்கும் சாணிப்பாலும் நின்றன. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சட்டம் வந்ததும் மிராசுதார்கள் பலர் பண்ணையாட்களை நிறுத்திவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். பண்ணையாள் கூலியாள் ஆனது இப்படித்தான். சங்கிலி அறுந்தது, கூடவே வருடம் முழுவதும் ஏதோ வேலை உண்டு என்ற நிச்சயமும் அறுந்தது.

பிறகு பசுமைப் புரட்சி. 1960-61இல் இந்தியாவிலேயே தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தது. குறுவையில் விளைச்சல் ஏறியது. குறுவை அறுவடை மழை தொடங்கும் நேரத்தில் விழும். நாள் தள்ளினால் கதிர் வயலிலேயே சாய்ந்து முளைத்துவிடும். அந்தச் சில நாட்களில் கூலிக்காரரின் கை ஓங்கும். வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே பேரம் அதுதான். அறுவடைக் கூலியாக அரைப்படி நெல் கூடக் கொடு என்று கேட்டார்கள். இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடுவின் தலைமையில் நெல் உற்பத்தியாளர் சங்கம் கட்டிய மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் சங்கத்தில் சேரும்படி நெருக்கினார்கள். வெண்மணிச் சேரி மறுத்தது. டிசம்பர் 25 இரவில் மிராசுதார் தரப்பு ஆள் பக்கிரிசாமி கொல்லப்பட்டார். அதன் தொடர்ச்சியாகத்தான் குடிசை எரிந்தது.

அரைப்படி நெல் கேட்டதற்கு 44 உயிர் என்று மேடைகளில் சொல்வதுண்டு. அது உண்மை. ஆனால் அரைப்படி பெரிய மிராசுதாரின் களஞ்சியத்தைக் காலியாக்கிவிடாது. சங்கம் என்ற ஒன்று இருந்து, அது கேட்டு, அவர்கள் கொடுக்க நேர்வதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. மைதிலி இந்த இடத்தை விடாமல் பிடித்தார். சாதியையும் கூலியையும் தனித்தனிக் கணக்காக எழுத முடியாது என்பதை இடதுசாரிகளிலேயே பலர் தயங்கிய காலத்தில் அவர் வயலிலிருந்து எழுதினார்.

தீக்குப் பிறகு, விவசாயத் தொழிலாளர் பிரச்சினையை விசாரிக்கக் கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது. 1969இல் கீழத்தஞ்சைக்கென்று நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15ஆக 1970இல் குறைந்தது. 1971இல் குடியிருப்புச் சட்டம், ஆண்டையின் மனையில் குடிசை போட்டிருந்தவருக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. இவற்றில் கடைசிச் சட்டம் செய்த வேலை பெரிது என்பேன். இன்றிரவே குடிசையைக் காலி செய் என்று ஆண்டை சொல்ல முடிந்தவரை, எந்தக் கோர்ட்டிலும் கூலிக்காரர் வாய் திறக்க முடியாது.

இனி இன்றைக்கு வருவோம்.

ஒன்றாயிருந்த தஞ்சாவூர் மாவட்டம் இன்று தஞ்சை, நாகை, திருவாரூர், மயிலாடுதுறை என்று நான்காகக் கிடக்கிறது. வெண்மணி நாகை மாவட்டம் கீழ்வேளூர் வட்டத்தில் வருகிறது. ஊரில் தியாகிகள் நினைவகமும் மணிமண்டபமும் நிற்கின்றன. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று செங்கொடிகளோடு கூட்டம் சேரும். தனித்தொகுதியான கீழ்வேளூரில் 2021இல் மார்க்சிஸ்ட் வேட்பாளர் வென்றார். நாகைப் பாராளுமன்றத் தொகுதியில் 2019இலும் 2024இலும் இந்தியக் கம்யூனிஸ்ட் வென்றது. சேரித் தெருவில் தொகுப்பு வீடுகளும் மாடி வீடுகளும் எழுந்திருக்கின்றன. வாசலில் மோட்டார் சைக்கிள். கல்லூரிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண் பிள்ளைகள். இந்தப் பிள்ளைகளின் பாட்டன் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற அதே சாலைதான் இது. இந்த மாற்றத்தைச் சாதாரணமாகப் பேசிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியாது. நிமிர்ந்து நடக்கும் உடம்பு சும்மா வந்ததல்ல.

வயலில் வேறு மாதிரியான மாற்றம் நடந்திருக்கிறது. அறுவடைக்கு இப்போது இயந்திரம் வருகிறது. ஈர வயலென்றால் பெல்ட் டைப், காய்ந்த வயலென்றால் டயர் டைப். வாடகை மணிக் கணக்கில். பல ஆட்கள் நாள் முழுக்க அறுத்துக் கட்டிச் சுமந்து அடித்த ஏக்கரை ஓரிரண்டு மணியில் முடித்துவிட்டு, நெல்லை டிராக்டரில் கொட்டிவிட்டுப் போகிறது. குறுவை அறுவடையின் அந்தச் சில நாள் பேரம் அத்தோடு தீர்ந்தது. எதற்காக வெண்மணி எரிந்ததோ அந்த அறுவடைக் கூலியே களத்தில் இல்லை. நடவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. சில ஊர்களில் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குழுக்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நட்டுக் கொடுக்கின்றன. வெளியூர் ஆள் என்ற சொல்லுக்கு அன்று கீழத்தஞ்சையில் ஒரு கசப்பு இருந்தது. இன்று வந்து நடுகிறவரும் தன் ஊரில் நிலம் இல்லாதவர்தான்.

ஆண்கள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று போகிறார்கள். சென்ட்ரிங், பெயிண்டிங், கொத்து வேலை. வயலில் மிச்சமிருக்கும் வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் நடுவயதும் முதிர்வயதுமான பெண்கள். 2005 சட்டம் கொண்டுவந்த நூறு நாள் வேலை அவர்களுக்கு, ஆண்டையிடம் இல்லாவிட்டால் இங்கே என்று சொல்ல ஒரு இடம் கொடுத்தது. 2011 முதல் ரேஷனில் விலையில்லா அரிசி கிடைக்கிறது. இதன் பொருளைப் பட்டணத்தில் உட்கார்ந்து இலவசம் என்று பேசுகிறவர்கள் உணர்வதில்லை. கூலி நெல் வந்தால்தான் உலை கொதிக்கும் என்ற நிலை இருந்தவரை வேலைநிறுத்தம் என்பது பட்டினிப் போராட்டம்தான். அந்தப் பிடி விட்டுப்போனதில் ரேஷன் கடைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் நிலம்? காவிரிப் படுகையின் கோயில், மடத்து நிலங்கள் இன்னும் பெரிய பரப்பு. உச்சவரம்புச் சட்டத்தில் மிச்சமாக எடுத்துப் பகிர்ந்தது சொற்பம். வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்து தங்கிய சர்வோதயத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் லாஃப்டி அமைப்பின் வழியே நிலம் வாங்கி ஆயிரக்கணக்கான குடும்பப் பெண்களின் பெயரில் பதிவு செய்தார்கள். அது காந்திய வழி. இடதுசாரிகள் அதை விமர்சித்ததும் உண்டு. ஆயினும் கையில் பத்திரம் உள்ள பெண்ணிடம் அந்த விமர்சனத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் விவசாயிகள் சுமார் 42 லட்சம், விவசாயத் தொழிலாளர் சுமார் 96 லட்சம். ஒரு விவசாயிக்கு இரண்டு தொழிலாளருக்கு மேல்.

கடன் மட்டும் ஆளை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. பண்ணையில் பத்து ரூபாய் வாங்கிவிட்டுப் பரம்பரையாக உழைத்தது அன்று. இன்று குழுக் கடன். வாரத் தவணை நாளன்று தெருவில் பெண்கள் கூடி உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். தவணை கேட்டு பைக்கில் வரும் பையனும் எங்கோ ஒரு கூலிக்காரரின் மகன்தான். யாரை எதிர்த்துச் சங்கம் கட்டுவது என்ற கேள்விக்கு 1968இல் விடை தெரிந்திருந்தது. இந்தத் தெருவில் அந்த விடையைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வெண்மணியையும் பக்கத்துப் பாலக்குறிச்சியையும் 2019இல் வேளாண் ஆய்வாளர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். பாலக்குறிச்சியைப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் நூறாண்டுக்கு முன்பே ஆராய்ந்திருந்தார்கள். இப்படித் திரும்பத் திரும்பப் போய் எண்ணிப் பார்க்கும் வேலை கட்சித் தீர்மானங்களைவிடச் சில சமயம் அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

மைதிலிக்கு வருகிறேன். அவருடைய இரண்டாவது பெரிய பயணம் வாச்சாத்திக்கு.

தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர் வாச்சாத்தி. சந்தனக் கட்டை கடத்துகிறார்கள் என்று சொல்லி 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள். 18 பெண்களை வன்புணர்வு செய்தார்கள். ஊரே சிறைக்கும் காட்டுக்குமாகச் சிதறியது. அரசு மறுத்தது. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் மாதர் சங்கமும் அங்கே போயின. மைதிலி அந்தப் பெண்களின் சொற்களைக் கேட்டுப் பதிவு செய்து, தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்திடம் கொண்டுபோனார். கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் நீதிமன்றம் ஏறினார். 1995இல் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது.

2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5. பதினேழு பேர் மீது வன்புணர்வுக் குற்றம் நிரூபணமானது. சீருடை போட்ட ஒரு கூட்டத்தின் சொல்லுக்கு எதிரே பதினெட்டு மலைவாழ் பெண்களின் சொல் நின்றது, நின்று வென்றது. வெண்மணித் தீர்ப்பைப் படித்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இடையில் என்ன மாறியது? 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒரு காரணம். ஆனால் சட்டம் மட்டும் இருந்து வழக்குகள் விழுந்ததை நாடெங்கும் பார்த்திருக்கிறோம். வாச்சாத்தியில் 19 வருடம் ஒரு சாட்சியும் தனியாக விடப்படவில்லை. வாய்தாவுக்கு வாய்தா அவர்களைக் கூட்டிப்போகவும், உடன் உட்காரவும், மிரட்டல் வந்த இரவில் ஊரில் தங்கவும் ஆள் இருந்தது. அதையும் விட, சொன்ன சொல் சூடு ஆறுமுன் யாரோ கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். மைதிலியின் மற்றொரு நூலையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். யாரும் கேட்காமல் போன தன் பாட்டி சுப்புலட்சுமியின் வாழ்க்கையை, அவர் விட்டுப்போன நாட்குறிப்புகளிலிருந்து மீட்டு எழுதியது அது. பாட்டியும் வாச்சாத்திப் பெண்களும் ஒரே அக்கறையின் இரண்டு பக்கங்கள்.

வாழ்வின் கடைசிப் பத்தாண்டை அவர் அல்சைமர் நோயோடு கழித்தார். மற்றவர்களின் நினைவுகளை இத்தனை கவனமாகக் காத்தவருக்குத் தன் நினைவு கைநழுவிற்று. 2021 மே 30 அன்று கொரோனா அவரைக் கொண்டுபோனது. வயது 81.

வாச்சாத்தி வழக்கில் தண்டனை பெற்றவர்கள் மேல்முறையீடு செய்திருந்தார்கள். உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே போனார். ஊர்க்காரர்களிடம் கேட்டார், நடந்த இடங்களைப் பார்த்தார். செப்டம்பர் 29 அன்று, முதல் தீர்ப்பு வந்த அதே தேதியில், எல்லா மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் இழப்பீடு வழங்கச் சொன்னார். நீதிபதி ஊருக்குப் போனார் என்ற செய்தியைப் படித்த அன்று மைதிலியின் பழைய கட்டுரைகளை எடுத்துவைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் இருபத்தொன்பது வயதில் வெண்மணிக்குப் போய்ச் செய்ததும் இதுதான்.

இங்கே நிறுத்திக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல் நிறுத்த விடவில்லை. பட்டியலினக் குடியிருப்பின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பர் 26 அன்று தெரிய வந்தது. வெண்மணி நாளுக்கு அடுத்த நாள். இரண்டு ஆண்டுக்கு மேல் விசாரித்த சி.பி.சி.ஐ.டி., 2025 ஜனவரியில் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரைக் குற்றம் சாட்டப்பட்டவர்களாகக் காட்டியது. அந்தத் தண்ணீரைக் குடித்த மக்கள் அதை ஏற்கவில்லை. சி.பி.ஐ. விசாரணை வேண்டும் என்கிறார்கள். முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் புகார் கொடுக்கப் போன ஊர், தான் குற்றம் செய்யவில்லை என்று நிரூபிக்க ஓடிக்கொண்டிருக்கிறது. டிசம்பர் 25க்கு வெண்மணி போய்த் திரும்பும் தோழர்கள், பையைக் கூடப் பிரிக்காமல் அடுத்த நாள் வேங்கைவயலுக்கும் போகலாம். போய், தொட்டிக்குக் கீழே உட்கார்ந்து, அந்தப் பெண்கள் சொல்வதை முதலிலிருந்து கேட்டு எழுதிக்கொள்ளலாம்.